ஆத்தங்குடிக் கல்லும் ஐஸ் கட்டியும்: நான்காம் வகுப்புப் பிள்ளையின் அறிவியல் புராஜெக்டுக்கு எவ்வளவு கைகொடுக்கலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பிப்ரவரி 28-ஆம் தேதி அறிவியல் நாளை ஒட்டிக் கண்காட்சி நடக்கிறது, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புராஜெக்ட் கொண்டுவர வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கையில் மூன்று வாரம் இருக்கிறது. காரைக்குடிக் கடையில் எரிமலையும் சூரியக் குடும்பமும் தெர்மாகோலில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. நீங்கள் வணிகவியல் படித்தவர். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். சனி, ஞாயிறுகளில் பள்ளத்தூரில் உள்ள மாமியார் வீட்டுக்குப் பிள்ளையோடு போய்விடுவீர்கள். எந்தத் தலைப்பை எடுப்பது, நாமே செய்து கொடுத்தால் தப்பா, எதுவரை உதவலாம் என்பவைதாம் நீங்கள் கேட்டவை.

தேவகோட்டைப் பக்கத்தில் நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கண்காட்சி மேசைகளுக்கு அந்தப் பக்கம் நின்று மதிப்பெண் போட்டதும் உண்டு. இந்தப் பக்கம் நின்று என் மகனுக்கும் பேத்திக்கும் பெவிகால் தடவிக் கொடுத்ததும் உண்டு. இரண்டாவதில் நான் செய்த தவறு ஒன்றைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி அதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில், கடையில் விற்கும் எரிமலையைப் பற்றி. அதை வாங்குவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வேளை சமையலும் வேலையும் பார்க்கும் தாய்மார்கள் இரவு பதினொரு மணிக்கு சார்ட் பேப்பரில் எழுத்து வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டவன் நான். ஆனாலும் சோடா உப்பும் வினிகரும் சேர்ந்து பொங்குவதற்கும் பூமிக்குள் பாறை உருகி எரிமலை வெடிப்பதற்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான். அதை மேசைமேல் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இருக்காது, அவளிடம் சொல்வதற்கும் ஒன்றும் இருக்காது. அறிவியல் நாள் என்று பிப்ரவரி 28-ஐ 1987 முதல் நாம் கொண்டாடுவதே, 1928-இல் அந்த நாளில் சர் சி.வி. ராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார் என்பதற்காக. அதற்கு வித்து, 1921-இல் கப்பலில் வந்தபோது மத்தியதரைக் கடல் ஏன் இத்தனை நீலமாக இருக்கிறது என்று அவருக்கு எழுந்த ஐயம். எல்லோரும் பார்த்த கடலைத்தான் அவரும் பார்த்தார். நாள் அவருடையது என்றால், பிள்ளை கொண்டுபோவதும் அவளே பார்த்து, அவளுக்கே எழுந்த ஒரு கேள்வியாக இருப்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

ஆகவே தலைப்பை நீங்கள் தேட வேண்டாம். இந்தச் சனிக்கிழமை பள்ளத்தூர் போகும்போது ஒரு சின்ன நோட்டை மட்டும் பிள்ளை கையில் கொடுத்து, இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் அவளுக்குத் தோன்றுகிற 'ஏன்', 'எப்படி' எல்லாவற்றையும் எழுதிவரச் சொல்லுங்கள். செட்டிநாட்டு வீட்டைப் போலக் கேள்விகள் நிறைந்த இடம் வேறு கிடைக்காது. என் பேத்தி இப்படி எழுதியதில் சில எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. நிலைக்கதவைத் தொட்டால் குளிரவில்லை, வளவுக் கல்லை, அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிப் பாவிய தரைக்கல்லை, தொட்டால் ஏன் குளிர்கிறது. பல்லி ஏன் விழவில்லை. ஆயா வெற்றிலை போட்டால் ஏன் வாய் சிவக்கிறது. பூட்டிக்கிடக்கும் பெட்டகத்தில் எப்படிப் பூச்சி வருகிறது. ஐயா (தாத்தாவான என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) ஏன் குறட்டை விடுகிறார்.

எழுதி முடித்தபின், அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு எதிர்க்கேள்வி போடுங்கள்: "இதை நம்ம வீட்டிலேயே, ஒரு வாரத்துக்குள்ளே, அளந்து பார்க்க முடியுமா?" பல்லி அதில் அடிபட்டுவிடும், ஏனென்றால் அதன் பாதத்திலுள்ள நுண்ணிய மயிர்களைப் பார்க்கச் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதாது. குறட்டையும் போய்விடும், அதில் எனக்குச் சற்றே நிம்மதி. எஞ்சுவதில் எது அவளுக்குப் பிடிக்கிறதோ அது தலைப்பு. தலைப்பு உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றினால் அதுவே நல்ல அறிகுறி.

என் பேத்தி எடுத்தது வளவுக் கல். உங்கள் மாமியார் வீட்டிலும் ஆத்தங்குடிக் கல்தான், அதாவது ஆத்தங்குடி ஊரில் வார்க்கும் சிமென்ட் தரைக்கல்தான், பாவியிருக்கும் என்று ஊகித்து, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வேறு கேள்வியை உங்கள் மகள் எடுத்தாலும் வழிமுறை இதுதான்.

கேள்வியை முதலில் சோதிக்கத் தக்கதாகச் சுருக்க வேண்டும். கல்லும் மரமும் ஒரே அறையில் இருக்கின்றன. கல் உண்மையிலேயே மரத்தைவிடக் குளிர்ந்திருக்கிறதா, அல்லது நம் கைக்கு அப்படித் தெரிகிறதா? தரையில் பாவிய கல்லை வைத்து இதைச் சோதிக்கக் கூடாது, ஏனென்றால் அதற்கு அடியில் உள்ள மண் பகல் வெயிலில் காற்றைப்போலச் சீக்கிரம் சூடேறாது. தரைக்கல் உண்மையிலேயே காற்றைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கக்கூடும். ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறைகளில் உதிரியாக ஒன்றிரண்டு கல் கேட்டால் கொடுப்பார்கள். போகிற வாக்கில் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள் என்பதையும், சூளையே இல்லாமல் அந்தக் கண்ணாடிதான் கல்லுக்குப் பளபளப்பைத் தருகிறது என்பதையும் நேரில் பார்த்தால் அவள் மறக்கமாட்டாள்.

உதிரிக் கல் ஒன்று, அதே அளவில் ஒரு மரப்பலகை, எவர்சில்வர் தட்டு ஒன்று, கனத்த பித்தளைத் தாம்பாளம் ஒன்று, மடித்த கோரைப்பாய் ஒன்று ஆகிய ஐந்தையும் மரக்கட்டிலின்மேல் வரிசையாக, வெயில் படாத அறையில், முதல்நாள் இரவே வைத்துவிட வேண்டும். காலையில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டு, மிகக் குளிர்ந்ததிலிருந்து வரிசைப்படுத்தி எழுதட்டும். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஐந்தாறு பேரைத் தொடச்சொல்லி அவர்கள் சொன்னதையும் எழுதட்டும். பெரும்பாலும் எல்லோரும் தாம்பாளம் முதலில், பாய் கடைசியில் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. உடம்புச் சூட்டின் சுற்றுவட்டத்தை மட்டுமே அது காட்டும். பாதரசம் உள்ள பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பிள்ளை கையில் கொடுக்கவே வேண்டாம். சுவரில் மாட்டும் அறை வெப்பமானியோ, சமையலுக்கு விற்கும் கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானியோ போதும். முனையைப் பொருளின்மேல் படும்படி வைத்து, மேலே ஒரு சிறு துணியை நான்காக மடித்து மூடி, ஐந்து நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி வெப்பமானி வீட்டில் இருந்தால் அதையும் பிள்ளை எடுத்துவரும். அது உடம்புக்கென்று அளவு வைத்துச் செய்தது, அதோடு மினுக்கிய பித்தளை அதை ஏமாற்றிவிடும். பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிரைக் குறைவாக வெளியிட்டு, எதிரே நிற்பவரின் கதிரைத் திருப்பி அனுப்புவதால் எண் தாறுமாறாக வரும்.

சரியாக அளந்தால், ஐந்து பொருள்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். இந்த இடத்தில் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்ப்பாள். வெப்பமானி கெட்டுவிட்டது என்பாள். நீங்கள் விடையைச் சொல்லிவிடக் கூடாது. "அப்போ கைதான் பொய் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது கட்டம் ஐஸ் கட்டி. ஒரே டிரேயில், ஒவ்வொரு குழியிலும் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் அளந்து ஊற்றி உறையவைத்த கட்டிகளை, ஐந்து பொருள்களின்மேலும் ஒரே நேரத்தில் வைத்து, எது முதலில் உருகி முடிகிறது என்று பார்ப்பதுதான். வைப்பதற்கு முன்னால் எது முதலில் உருகும் என்று பிள்ளை எழுதிவைத்துவிட வேண்டும். அநேகப் பிள்ளைகள், பாய் கதகதப்பாக இருப்பதால் பாயில் வைத்தது முதலில் உருகும், தாம்பாளம் குளிர்ந்திருப்பதால் அதில் கடைசியில் உருகும் என்றே எழுதுவார்கள், நடப்பது நேர்மாறு. பித்தளைமேல் வைத்த கட்டி கண்ணெதிரே கரையும், பாய்மேல் வைத்தது அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாய் தண்ணீரை உறிஞ்சுவதால் ஐந்தின்மேலும் ஒரே மெல்லிய பாலிதீன் தாளை விரித்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒருமுறை செய்ததை இன்னும் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் கட்டி குளிரவைத்த கல்லின்மேல் இரண்டாவது கட்டியை வைத்தவர்களாவோம், நேரம் கூடிப்போகும். பெரியவர்களே மறந்துவிடும் இடம் இது.

என் தவறு நடந்ததும் இங்கேதான். பேத்தி கட்டி வைத்துப் பார்த்து எழுதிய அட்டவணையில் தாம்பாளம் முதலிடம், ஆத்தங்குடிக் கல் இரண்டாமிடம், எவர்சில்வர் தட்டு மூன்றாமிடம் என்று இருந்தது. உலோகம் கல்லைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிப் போட்ட கை சும்மா இருக்குமா? "நேரத்தை மாற்றிப் பார்த்திருப்பாய், தட்டுத்தான் இரண்டாவது" என்று சொல்லி, அவள் பென்சிலால் எழுதியிருந்ததை நானே ரப்பரால் அழித்துத் திருத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தானே கட்டிகளை எடுத்துவைத்து, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "ஐயா, இப்ப நீங்களே பாருங்க" என்றாள். கல்மேல் இருந்த கட்டி முழுதும் கரைந்தபோது தட்டுமேல் கடலைப்பருப்பு அளவுக்கு மிச்சம் இருந்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கே விளங்கிற்று. மரம் வெப்பத்தைக் கடத்தும் திறனை 1 என்று வைத்துக்கொண்டால், சிமென்ட் கல் ஏறத்தாழ 6, 7 என்றும், எவர்சில்வர் 100 என்றும், பித்தளை 700-க்கு மேல் என்றும் சொல்லலாம். ஆனால் சாப்பாட்டுத் தட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஐஸை உருக்குவதற்குத் தட்டிடம் சேர்த்துவைத்த வெப்பம் மிகக் கொஞ்சம். அது தீர்ந்ததும் சுற்றிலிருந்து தருவிக்க வேண்டும். அந்த மெல்லிய தகட்டின் வழியாக வெப்பம் ஓடிவரவும் இடம் போதாது. அடியில் இருப்பதோ வெப்பத்தை விடாத மரக்கட்டில். கல் கடத்துவது குறைவு என்றாலும் தடிமனும் கனமும் உடையது, அதனிடம் இருப்பு அதிகம். பேத்தியிடம் இதை, "தட்டு வேகமாகக் கொடுக்கிற கை, ஆனால் மடியில் காசு இல்லை, கல் நிதானமாகக் கொடுக்கிற கை, பெட்டகம் நிறைய இருக்கிறது" என்று சொன்னேன். அவள் உடனே, அப்படியானால் தட்டைத் தரைக்கல்லின்மேல் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் போய்ச் செய்தும் பார்த்தாள். தட்டு ஓரளவு எட்டிப்பிடித்துவிட்டது. நான் அழித்த வரியை அவள் மறுபடி பேனாவால் எழுதிக்கொண்டாள். உங்கள் வீட்டுத் தட்டின் கனத்தையும் கல்லின் தடிமனையும் பொறுத்து வரிசை மாறலாம், மாறினால் அதுவே உங்கள் முடிவு.

நான்காம் வகுப்புக்கு விளக்கம் எவ்வளவு வேண்டும்? அதிகம் வேண்டாம். நம் உள்ளங்கையின் தோல் ஏறத்தாழ 33 டிகிரிச் சூட்டில் இருக்கிறது, அறையில் உள்ள பொருள்கள் அதைவிடக் குறைவான சூட்டில் இருக்கின்றன. தொட்டதும் கையிலிருந்து சூடு வெளியேறுகிறது. எது அதை விரைவாக வாங்கிக்கொண்டு போகிறதோ அது குளிர்ச்சியாகத் தெரிகிறது. ஐஸுக்கு அதே பொருள் அதே விரைவில் சூட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இந்த நான்கு விஷயங்களை அவள் தன் வாயால், தன் சொற்களில் சொன்னால் போதும். 'வெப்பக் கடத்துத்திறன்' என்ற சொல்லை அவளாகக் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் ஆறாம், ஏழாம் வகுப்பில் அது தானே வரும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கிடந்த கல்லும் பலகையும் ஒன்றுபோலச் சூடேறியிருந்தாலும் கல்மட்டும் காலைச் சுடுவானேன் என்று கேட்டுவிட்டு விடுங்கள். அதே விதி தலைகீழாகத் திரும்புவதை அவளே பிடித்துவிடுவாள்.

கல்லில் அவளுக்கு நாட்டம் இல்லையென்றால் வேறு சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். மஞ்சள் தண்ணீரில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் தாளில் சோப்புத் தண்ணீரால் எழுதினால் எழுத்து சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்திக்கு ஆலம் கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதுவேதான் என்று பாட்டி கரைத்துக் காட்டினால் பிள்ளைக்குப் பிடித்துப்போகும். வீட்டிலுள்ள பத்துப் பொருள்களைப் போட்டுப் பார்த்து எவை சிவக்கவைக்கின்றன என்று பட்டியல் எடுப்பது ஒரு வாரத்துக்குப் போதுமான வேலை. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து இரவு முழுதும் தெளியவைத்து, மேல் தெளிவை மட்டும் வடித்து, உறிஞ்சுகுழலால் ஊதினால் பால்போலக் கலங்கும். சுண்ணாம்பு நம் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த நம் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு வருடக்கணக்கில் இறுகுவதும் காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கித்தான். ஆனால் ஊதுவதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளை பார்க்கட்டும். கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு பொல்லாதது. நீற்றாத சுட்ட சுண்ணாம்புக் கல்லை இந்த வேலைக்குக் கிட்டவே சேர்க்கக் கூடாது.

துரு இன்னொன்று. காரைக்குடிப் பிள்ளை துருவைப் பற்றிக் கேட்பதில் தனிப் பொருத்தமும் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததில் 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்ட நம் மின்வேதியியல் ஆய்வகம், நாம் 'சிக்ரி' என்று சொல்வது, இரும்பு அரிப்பை ஆராய்வதையே தன் முக்கிய வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபம் என்ற கடலோர ஊரில் அதற்குப் பிரிவு உண்டு. வீட்டில் நான்கு கண்ணாடிக் குப்பிகள் போதும். ஒன்றில் வெறும் ஆணி, ஒன்றில் தண்ணீரில் பாதி மூழ்கிய ஆணி, ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஆணி முழுதும் மூழ்கும்படி ஊற்றி மேலே எண்ணெய்ப் படலம். நான்கைந்து நாளில் வேறுபாடு தெரியும். ஆணி துத்தநாகம் பூசாததாக இருக்க வேண்டும், பூசியதை வைத்துவிட்டு ஏன் துருப்பிடிக்கவில்லை என்று காத்திருந்தவர்கள் பலர்.

எலுமிச்சை பேட்டரியைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லா மேசையிலும் ஒன்று இருக்கும். ஒரு பழத்துக்குச் செம்புக் கம்பியும் துத்தநாகத் தகடும் செருகினால் ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும், மின்னோட்டமோ மிக அற்பம். டார்ச் பல்பு எரியவே எரியாது. சிவப்பு எல்.இ.டி. மங்கலாக ஒளிர மூன்று, நான்கு பழங்களை வரிசையாக இணைக்க வேண்டும். எரியாவிட்டால் எல்.இ.டி.யின் இரண்டு கம்பிக் கால்களை மாற்றிச் செருகிப் பாருங்கள், பாதி வீடுகளில் குறை அங்கேதான். மின்சாரம் எலுமிச்சையில் இருக்கிறது என்று மட்டும் பிள்ளை சொல்லிவிடக் கூடாது. கரைந்துபோகிற துத்தநாகம்தான் ஆற்றலைக் கொடுக்கிறது. அந்தப் பழங்களைப் பிறகு சாற்றுக்குப் பிழிய வேண்டாம்.

மழையை அளப்பது எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, ஆனால் நம் பக்கத்தில் அதற்கு ஐப்பசி வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வளவின் வானவெளி 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கு அந்த வெளி வழியாக மட்டும் 120 லிட்டர் விழும், உட்புறம் சாய்ந்த ஓட்டுக்கூரைகளின் தண்ணீர் அதற்குமேல். மூலைகளில் அத்தனை பெரிய அண்டாக்களை ஏன் வைத்தார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைக்குத் தானே புரியும். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவரை உதவலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். கத்தி, நெருப்பு, சுண்ணாம்பு, சுவரிலுள்ள மின்சாரம் ஆகிய நான்கும் உங்கள் கையில் இருக்கட்டும். அளப்பது, எழுதுவது, வரைவது, தப்பாக வைத்துவிட்டு மறுபடி வைப்பது எல்லாம் அவளுடையவை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் இதில் உட்காரமாட்டாள், உட்காரவைக்கவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரம் தாராளம். ஐஸ் உருகும் நேரத்தில் அவள் எழுந்து ஊஞ்சலுக்கு ஓடினால் உங்கள் செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, "ஆச்சு, வந்து பாரு" என்று கூப்பிடுவது உதவிதான். அவளுக்குப் பதிலாக நேரத்தைக் குறித்துவைப்பது உதவி ஆகாது.

ஆங்கில வழிப் பள்ளி என்பதால் சார்ட் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். முதல் நோட்டை அவள் தமிழிலேயே எழுதட்டும், பேச்சுத்தமிழாக இருந்தாலும் சரி. "பாய்ல வச்சது கரையவே இல்ல, எனக்கு ஆச்சரியம்" என்று எழுதிய வரி ஒரு பரிசோதனைக் குறிப்புக்குரிய எல்லாவற்றையும் கொண்டிருக்கிறது. பிறகு இருவரும் சேர்ந்து பள்ளிக்கான மொழியில் எழுதிக்கொள்ளலாம். சார்ட்டில் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். எழுத்துப்பிழையை மட்டும், அவள் கேட்கும் சொற்களுக்குத் திருத்துங்கள். நான் மதிப்பெண் போட்ட நாள்களில், கணினியில் அச்சடித்து ஒட்டிய சார்ட்டைக் கண்டால் பிள்ளையைவிட்டு அப்பாவைத் தேடுவதுதான் என் வழக்கம். அந்த நோட்டையும், அடித்தல் திருத்தலோடு, மேசைமேல் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.

பரிசு கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். பளபளக்கிற எரிமலைக்கே கொடுத்துவிடுகிற நடுவர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறைக்கமாட்டேன். அது நடந்தால் வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றிப் பேசாமல், மேசைக்கு வந்தவர்களில் யார் யார் ஏமாந்தார்கள், எத்தனை பேர் பாய்தான் முதலில் கரையும் என்றார்கள் என்று கேளுங்கள். வாசலில் இறங்கும்வரை அவள் பேச்சு நிற்காது.

கண்காட்சி நாளுக்கு ஒரு சிறு ஏற்பாடு மிச்சமிருக்கிறது. ஐஸ் கட்டிகளை வாயகன்ற பிளாஸ்கில் போட்டு, மேலே ஈரமில்லாத துண்டைச் சுற்றிக் கொடுத்தால் மதியம்வரை தாங்கும். ஆனாலும் முழு நேரமும் ஐஸை நம்பாமல், வருகிறவர்கள் ஒரு கையைக் கல்லிலும் மறு கையைப் பலகையிலும் வைத்துவிட்டுப் பிறகு வெப்பமானியைப் படிக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. கல்லையும் பலகையையும் தாம்பாளத்தையும் முதல்நாள் சாயங்காலமே வகுப்பறையில் வைத்துவிட ஆசிரியையிடம் அனுமதி கேளுங்கள். காலையில் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வெயிலில் வைத்துக் கொண்டுபோனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும், முதல் மணி நேரம் முழுதும் பிள்ளை சொல்வதற்கும் வெப்பமானி காட்டுவதற்கும் ஒத்துவராது.